குருபரப்பள்ளிக்கு வரும் அருவி

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் சாலையில் குருபரப்பள்ளியில் இறங்கினால் கண்ணில் படுபவை லாரிகளும் மின்கம்பங்களும்தான். அருவியின் இரைச்சல் கேட்காது. ஆனால் அருவியின் பலம் கம்பி வழியே எவ்வளவு தூரம் பிரயாணம் செய்யும் என்பதை நிரூபித்த பூமி இதற்கு வடக்கே அண்டையில்தான் இருக்கிறது. 1902-ல் மைசூர் சமஸ்தானத்தார், சிவசமுத்திரத்தில் காவிரி குதிக்கும் இடத்தில் மின்சாரம் எடுத்து, 92 மைல் தள்ளியிருந்த கோலார் தங்கச் சுரங்கத்துக்கு அனுப்பினார்கள். அந்நாளில் அது பிரமிக்கத்தக்க தூரம்! கட்டுப்படியாகாமல் சுரங்கம் 2001-ல் மூடப்பட்டது; மின்நிலையம் இன்றும் இயங்குகிறது.

நம் மேட்டூரிலோ நெல்லுக்குத்தான் முதல் மரியாதை. தஞ்சைக்குத் தண்ணீர் திறந்தால்தான் அணையடி மின்நிலையம் மும்முரமாக ஓடும். திறப்பது வழக்கமாக ஜூன் 12. தொழிற்பேட்டை இயந்திரங்கள் அதுவரை பொறுத்திருக்குமா?

ஆனைமலையில் இதற்கு ஒரு யுக்தி செய்திருக்கிறார்கள். மின்சாரம் மிஞ்சும் வேளையில் மேல் ஆழியாற்று நீரைக் கடம்பாறை அணைக்கு ஏற்றிவைக்கிறார்கள். தட்டுப்பாடு வரும்போது இறக்கி, 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள். ஏற்றும் செலவு, கிடைக்கும் மின்சாரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல்தான். ஆனாலும் பகல் வெயிலில் பெறும் மின்சாரம், மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் குருபரப்பள்ளிக்குக் கிடைக்க வேண்டுமானால், இப்படி இன்னும் சில அணைகள் வேண்டும்.