சேர், அவங்க வந்த நேரம் நாங்க எங்க இருந்த?



கடந்த வாரம் எங்கள் தரம் 8 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலி சமுத்திரத் தொல்பொருள் நூதனசாலைக்குப் போய் வந்தோம். கோட்டைக்குள் ஒல்லாந்தர் கட்டிய பெரிய பண்டகசாலைதான் அது. 2004 சுனாமியில் அடிபட்டு, 2010 இல் மீண்டும் திறக்கப்பட்டது.

பிள்ளைகளை அதிகம் நிற்க வைத்தது 'அவொன்ட்ஸ்டர்' கப்பல். பெயருக்கு மாலை நட்சத்திரம் என்று அர்த்தம். முதலில் ஆங்கிலேயரின் கப்பல், பிறகு ஒல்லாந்தர் கைப்பற்றியது. 1659 இல் இந்தியாவுக்குப் பாக்கு ஏற்றிக்கொண்டு நின்றபோது நங்கூரம் நழுவிக் காலித் துறைமுகத்திலேயே உடைந்து தாண்டது. அதிலிருந்து சுழியோடிகள் எடுத்த பொருட்களைத்தான் பார்த்தோம்.

அப்போது ஒரு மகன் கேட்டார்: "சேர், போர்த்துக்கேயர் வந்தாங்க, ஒல்லாந்தர் வந்தாங்க. அவங்க வந்த நேரம் நாங்க எங்க இருந்த?"

சின்னக் கேள்வி இல்லை. "நீங்கள் எங்கிருந்தோ வந்தவர்கள்" என்று பிறர் சொல்லக் கேட்டு வளரும் பிள்ளையின் கேள்வி. அங்கேயே உட்கார வைத்து மூன்று விசயம் சொன்னேன்.

ஒன்று: 1344 இல் இப்னு பதூதா இலங்கைக்கு வந்தார். காலியில் இப்ராஹீம் என்ற முஸ்லிம் கப்பல் தலைவர் தனக்கு விருந்தளித்ததாக எழுதியிருக்கிறார். போர்த்துக்கேயர் வர இன்னும் 160 வருடம் இருந்தது.

இரண்டு: சீனத் தளபதி ஷெங் ஹ கொண்டு வந்த கல்வெட்டு. அவரே ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். 1409 ஆம் ஆண்டுத் திகதியுள்ள அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வின் பெயராலும் காணிக்கை. 1911 இல் காலியில்தான் அது கண்டெடுக்கப்பட்டது. இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. இந்தக் கரையில் யார் யார் இருந்தார்கள், என்ன மொழி நடந்தது என்று தெரிந்துதானே அப்படி வெட்டினார்கள்!

மூன்று: 1626 இல் போர்த்துக்கேயர் தங்கள் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களில் பலரைக் கிழக்கில் குடியமர்த்தினான். நமக்கு இடம் தந்ததும் இந்நாட்டு மன்னன்தான்.

நாடுகாண் பயணங்கள் என்று பாடத்தில் படிக்கும்போது, கப்பலில் வந்தவனின் கண்ணால் மட்டும் பார்க்கிறோம். கரையில் நின்றவர்களுக்கும் வரலாறு இருக்கிறது. அது சண்டைக்குரிய ஆயுதம் அல்ல. சிங்கள, தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒன்றாக வாசிக்க வேண்டிய கல் அது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். விடுமுறைக்குக் காலிக்குப் போனால் கோட்டை மதிலில் போட்டோ எடுப்பதோடு திரும்பி விடாதீர்கள். நூதனசாலைக்குள்ளும் ஒரு மணித்தியாலம் பிள்ளைகளோடு நில்லுங்கள். கொழும்புக்குப் போனால் அந்தக் கல்லைக் காட்டுங்கள். தமிழ்ப் பகுதியில் ஓரிரு எழுத்தையாவது அவர்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.