அணை உடைந்த ஊரில் ஒரு நாள்

ரவாங், சிரண்டா, பத்தாங் காலி, ராசா என்று பழைய கூட்டரசுச் சாலையில் வடக்கே போய், ராசாவைத் தாண்டி வலப்பக்கம் திரும்பினால் மலைகள் எதிரே வந்து நிற்கும். அந்த மலையடிவாரத்தில் இருக்கிறது கோல குபு பாரு. ஃபிரேசர் மலைக்குப் போகிறவர்கள் தேநீருக்கு நிறுத்துவார்கள். நாங்கள் போனது அத்தையைப் பார்க்க.

ஊருக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் கேட்ட முதல் கேள்வி, "பாரு என்றால் புதிது என்று அர்த்தமாச்சே, பழைய கோல குபு எங்கே?" என்பதுதான்.

பழைய ஊர் சற்றுத் தள்ளி இருக்கிறது. அதன் இன்றைய பெயர் அம்பாங் பெச்சா. அம்பாங் என்றால் அணை, பெச்சா என்றால் உடைந்தது. பெயரே வரலாற்றைச் சொல்லிவிடுகிறது. 1883-இல் அங்கிருந்த அணை உடைந்து ஊரை வெள்ளம் வாரிக்கொண்டு போனது. அப்போதைய வெள்ளைக்கார அதிகாரி செசில் ரேங்கிங்கும் அதில் இறந்துபோனார். ஆற்றைக் காத்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால்தான் அணை உடைந்தது என்று ஊர்க்கதை உண்டு.

முதலையின் மேல் பழி போட்டாலும், பின்னால் வந்த வெள்ளங்களுக்குக் காரணம் மனிதர்கள்தான். மேலே ஈய லம்பங்களில் தோண்டிய மண்ணும் மணலும் சிலாங்கூர் ஆற்றில் இறங்கின. ஆற்றின் அடிமட்டம் உயர்ந்தது. மழைக்கு மழை கடைத்தெருவில் தண்ணீர் ஏறியது. கடைசியில் 1920-களில், ஊரையே மேட்டு நிலத்துக்கு மாற்றிவிடுவது என்று அரசாங்கம் முடிவெடுத்தது.

புதிய ஊருக்குத் திட்டம் போட்டவர் சார்ல்ஸ் ரீட். நியூசிலாந்தில் பிறந்தவர். 1921-இல் மலாய்க் கூட்டரசின் முதல் நகரத் திட்ட அதிகாரியாக வந்தார். கடைகள் ஒரு பக்கம், அரசு அலுவலகங்களும் குடியிருப்பும் இன்னொரு பக்கம், நடுவே பசுமையான திடல் என்று 'தோட்ட நகர' முறையில் அமைத்தார். கடைத்தெருவில் நின்றால் இன்றைக்கும் அந்த ஒழுங்கு தெரியும். பெரிய ஊர்களிலிருந்து வரும் நமக்கு, கார் நிறுத்த இடம் கிடைப்பதே அதிசயம்!

அத்தை வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தபோது மழை பிடித்தது. அத்தை எழுந்து பின்பக்கக் கதவைத் திறந்து கால்வாயைப் பார்த்தார். பிறகு அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம் வைத்திருந்த பையை அலமாரியின் மேலே ஏற்றி வைத்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. பழகிப்போன காரியம் போலச் செய்தார்.

"தோட்டத்துல இருந்தப்ப கிராணிகிட்ட சொன்னா போதும். விளக்கு, தண்ணி, கால்வா எல்லாத்துக்கும் ஒரே ஆளு. தாமானுக்கு வந்து இருவது வருஷம் ஆச்சு. இங்க யார்கிட்ட போய் நிக்கறதுன்னு இன்னும் தெரியல" என்றார்.

இது அத்தை ஒருவரின் கேள்வி இல்லை. தோட்டத்தை விட்டு வெளியேறிய எத்தனையோ குடும்பங்களின் கேள்வி. மேசையில் ஒரு தாளை எடுத்து எழுதிக் காட்டினேன். வீட்டுக் கால்வாய், குப்பை, தெருவிளக்கு, கடை உரிமம் என்றால் நகராண்மைக் கழகம். நில வரியும் பட்டாவும் மாவட்ட நில அலுவலகம். ஆறு கரை புரண்டால் வடிகால் நீர்ப்பாசன இலாகா. குழாய்த் தண்ணீருக்கு ஆயர் சிலாங்கூர்.

கோல குபு பாரு, உலு சிலாங்கூர் மாவட்டத்தின் தலைநகர். பரப்பளவில் சிலாங்கூரின் மிகப் பெரிய மாவட்டம் இது. 2021-இல் மாவட்ட மன்றம் நகராண்மைக் கழகமாகத் தரம் உயர்ந்தது. அதன் உறுப்பினர்களை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை. நாட்டில் ஊராட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி, தலைவரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது.

ஓட்டு இல்லை என்பதால் உரிமையே இல்லை என்று நினைக்க வேண்டாம். மன்றம் வேறு விதமாகத் தீர்மானித்தால் ஒழிய, அதன் கூட்டங்களில் பொதுமக்கள் அமர்ந்து கேட்கலாம் என்று அதே சட்டம் சொல்கிறது. வட்டாரத் திட்ட வரைவு பார்வைக்கு வைக்கப்படும்போது எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் மதிப்பீட்டு வரி கட்டுகிற ஒவ்வொருவரும் கேள்வி கேட்கலாம்.

மழை விட்டதும் ஃபிரேசர் மலைச் சாலையில் கொஞ்சத் தூரம் ஏறி, சிலாங்கூர் ஆற்று அணையைப் பார்த்தோம். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டி முடித்த அணை. அதற்காகப் பெர்தாக், கெராச்சி கிராமங்களின் தெமுவான் பூர்வக்குடி மக்கள் இடம் மாற வேண்டியிருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்குக் குழாய்களில் வரும் தண்ணீரில் பாதிக்கும் மேல் இந்த ஆற்றுத் தண்ணீர்தான். "அப்போ நம்ம வீட்டுத் தண்ணியும் இங்கிருந்துதானா?" என்று மகள் கேட்டாள். ஆமாம் என்றேன். ஓர் அணை உடைந்து ஓர் ஊர் நகர்ந்தது. இன்னோர் அணை எழுந்து இரண்டு கிராமங்கள் நகர்ந்தன. இரண்டு முறையும் முடிவு வேறு எங்கோ எடுக்கப்பட்டது.

திரும்பும்போது அத்தை வீட்டில் இறங்கி, கால்வாயைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டோம். அவர் பெயரிலேயே மலாயில் ஒரு புகார்க் கடிதம் எழுதி, வரி ரசீதின் நகலையும் சேர்த்துக் கொடுத்தேன். "திங்கக்கிழமை நானே கொண்டு போறேன்" என்றார் அத்தை. புகார் எண்ணை மறக்காமல் கேட்டு வாங்கும்படி சொன்னேன். அந்தக் கடிதத்தையும் அலமாரியின் மேலிருந்த பைக்குள்ளேயே பத்திரமாக வைத்தார்.