ராணுவத்துக்கு லாயக்கில்லை!

போருக்குப் போக எத்தனை பல் வேண்டும்?

கேள்வி கிண்டல் மாதிரி இருக்கிறதா? 1940ல் அமெரிக்க ராணுவத்திடம் இதற்குத் துல்லியமான பதில் இருந்தது. பன்னிரண்டு. மேலும் கீழும் ஒன்றோடொன்று பொருந்துகிற மாதிரி முன்பக்கம் மூன்று ஜோடி, மெல்லுவதற்கு மூன்று ஜோடி. ஒன்று குறைந்தாலும் வீட்டுக்குப் போகலாம்.

ஐரோப்பாவில் ஹிட்லர் ஒவ்வொரு நாடாக விழுங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அமெரிக்கா இன்னும் சண்டையில் இறங்கவில்லை. ஆனாலும் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் அந்த வருடம் செப்டம்பர் 16 அன்று கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். டாக்டர்கள் வாயைத் திறக்கச் சொன்னார்கள். முதலில் பரிசோதிக்கப்பட்ட சுமார் 20 லட்சம் பேரில் கிட்டத்தட்ட பாதிப் பேர் தேறவில்லை. நிராகரிப்புக்கான காரணங்களில் முதலிடம் பல்லுக்குத்தான். அதற்கு முந்தைய பத்து வருடங்கள் பொருளாதார மந்தம். சாப்பாட்டுக்கே திண்டாடியவர்கள் பல் டாக்டரிடமா போயிருப்பார்கள்?

1941 டிசம்பரில் பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்தது. அமெரிக்கா போரில் இறங்கியது. ஆள் தேவை கோடிக்கணக்கில் ஏறியது. 1942லேயே பல் விதி தளர்ந்துவிட்டது. பொய்ப்பல் இருந்தால் போதும், இல்லையென்றால் ராணுவமே கட்டித் தரும் என்றார்கள். போன வருடம் "லாயக்கில்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவரின் வாயில் புதிதாக ஒரு பல்லும் முளைக்கவில்லை. ஆனால் இந்த வருடம் அவர் லாயக்கானவர்!

ராணுவ மருத்துவத் தகுதியின் கதை முழுக்க இப்படித்தான். பரிசோதனை மேஜையில் படுத்திருப்பது ஒரு ஆள். ஆனால் அளக்கப்படுவது அவர் உடம்பு மட்டும் அல்ல.

விதிகள் எதற்கு?

முதலில் ராணுவத்தின் பக்கத்து நியாயத்தையும் பார்த்துவிடுவது நல்லது. இந்த விதிகள் எல்லாமே முட்டாள்தனம் என்று சொல்லிவிட முடியாது.

இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவர் ஆபீஸில் வேலை பார்க்கலாம், மலை ஏறலாம், விளையாட்டில் ஜெயிக்கலாம். ஆனால் பாலைவனத்தில் மூன்று நாள் உணவு வண்டி வராவிட்டால்? மருந்தைக் குளிர்ச்சியாக வைக்க வழியில்லாவிட்டால்? வலிப்பு வரும் ஒருவர் கையில் இயந்திரத் துப்பாக்கி இருக்கும்போது வலிப்பு வந்தால்? அவர் மட்டும் அல்ல, அவரைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டிய இரண்டு பேரும் ஆபத்தில் மாட்டுவார்கள். மூச்சுத் திணறல், கடுமையான அலர்ஜி, இதய நோய் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். "இவர் நல்லவரா, தைரியசாலியா" என்று ராணுவம் கேட்பதில்லை. "ஆஸ்பத்திரி இல்லாத இடத்தில் இவர் தாக்குப்பிடிப்பாரா" என்றுதான் கேட்கிறது.

நியாயமான கேள்விதான். சிக்கல் எங்கே என்றால், பதில்கள் எல்லாம் மருத்துவத்திலிருந்தே வருவதில்லை.

தட்டைப் பாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளங்காலில் வளைவு இல்லாதவர்கள் நீண்ட தூரம் நடக்க மாட்டார்கள், ராணுவத்துக்கு ஆக மாட்டார்கள் என்று பல தலைமுறைகளாக நம்பினார்கள். 1993ல் வெளியான ஒரு ஆய்வில் அமெரிக்கக் காலாட்படைப் பயிற்சியில் இருந்த 246 பேரின் பாதங்களை அளந்து, யாருக்குக் காயம் ஏற்படுகிறது என்று கவனித்தார்கள். தட்டைப் பாதக்காரர்களுக்குக் காயம் குறைவு! வளைவு அதிகமாக இருந்தவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். இப்போது அமெரிக்க ராணுவத்தில் தட்டைப் பாதம் இருப்பது மட்டுமே தடை இல்லை. வலி போன்ற தொந்தரவு இருந்தால்தான் பிரச்னை. அதற்குள் எத்தனை பேர் "காலே சரியில்லை" என்ற நினைப்போடு வீட்டுக்குத் திரும்பியிருப்பார்கள்!

உயரத்தின் கதை இன்னும் வேடிக்கை. இது பிரிட்டனில், முதல் உலகப் போரின்போது நடந்தது. 1914 ஆகஸ்டில் போர் ஆரம்பித்தபோது படையில் சேர 5 அடி 3 அங்குலம் இருந்தால் போதும். கூட்டம் தாங்க முடியாமல் குவிந்தது. செப்டம்பரில் அதை 5 அடி 6 அங்குலம் ஆக்கினார்கள். கூட்டம் குறைந்ததும் நவம்பரில் மறுபடி 5 அடி 3க்கே இறக்கிவிட்டார்கள். அதே நவம்பரில் பர்கன்ஹெட் நகரில், 5 அடி 3ஐக் கூடத் தொடாதவர்களுக்கென்றே தனிப் படைப்பிரிவு தொடங்கினார்கள். குள்ளச் சேவலின் பெயரால் 'பேன்டம்' என்று அழைத்தார்கள். மூன்று மாதத்துக்குள் எந்த மனிதனும் வளரவும் இல்லை, சுருங்கவும் இல்லை. அளவுகோல்தான் ரப்பர் மாதிரி நீண்டு சுருங்கியது.

மனசை எப்படி அளப்பது?

பல்லை எண்ணலாம். உயரத்தை அளக்கலாம். மனசை?

முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய ஆயிரக்கணக்கான வீரர்கள் உடம்பில் காயம் இல்லாமலே நொறுங்கிப் போயிருந்தார்கள். கை நடுக்கம், பேச்சு வராமை, தூக்கமின்மை. குண்டு அதிர்ச்சி என்று பெயர் வைத்தார்கள். அவர்களுக்கு வருடக்கணக்கில் வைத்தியம் பார்த்த செலவு அமெரிக்க அரசுக்கு நன்றாக நினைவிருந்தது. அடுத்த போருக்கு முன்னால் ஒரு யோசனை வந்தது. "உடையக்கூடியவர்களை" வாசலிலேயே அடையாளம் கண்டு திருப்பி அனுப்பிவிட்டால் என்ன?

இந்தத் திட்டத்தை வடிவமைத்தவர்களில் முக்கியமானவர் ஹாரி ஸ்டாக் சல்லிவன் என்ற புகழ்பெற்ற மனநல மருத்துவர். அவர் நினைத்தது நிதானமான பேட்டி. நடந்தது வேறு. வரிசை நீளம், டாக்டர்கள் குறைவு. பல இடங்களில் ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைத்தது. பெண்களைப் பிடிக்குமா, நகம் கடிப்பாயா, ராத்திரி தூக்கம் வருமா என்று நாலு கேள்வி. பதிலில் தயக்கம் தெரிந்தால் முத்திரை குத்திவிடலாம்.

இதில் ஒரு சோகமும் உண்டு. சல்லிவனின் முதல் திட்டத்தில் ஓரினச்சேர்க்கை நோய்ப் பட்டியலில் இல்லை. அது பிறகு சேர்க்கப்பட்டது. சல்லிவனே தன்பாலின ஈர்ப்பு கொண்டவர் என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 1973ல் அதை நோய்ப் பட்டியலிலிருந்தே நீக்கியது. ராணுவம் 2011 செப்டம்பரில்தான் தன் கதவை வெளிப்படையாகத் திறந்தது. நடுவில் 38 வருடம். மருத்துவம் மாறிய பிறகும் விதி மாறவில்லை என்றால், அந்த விதி மருத்துவத்தின்மேல்தான் நின்றதா?

சரி, சலித்து எடுத்ததால் பலன் கிடைத்ததா? மனநலக் காரணம் சொல்லி சுமார் 17 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை நிராகரித்தார்கள். இவ்வளவு செய்தும் போர்முனையில் மனம் உடைந்தவர்கள் முதல் போரைவிடக் குறையவில்லை, கூடினார்கள். கடைசியில் 1944ல் ராணுவத் தளபதி ஜெனரல் மார்ஷல் இந்தச் சலிப்பையே நிறுத்தச் சொல்லிவிட்டார். முதலில் மனநலக் காரணத்தால் தள்ளப்பட்டு, பிறகு எப்படியோ படையில் சேர்ந்துவிட்ட 2,000க்கும் மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று 1951ல் வெளிவந்தது. அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் ஒழுங்காகப் பணியாற்றி முடித்திருந்தார்கள்.

அப்படியானால் யார்தான் உடைகிறார்கள்? 1946ல் ஆப்பெல், பீபே என்ற இருவர் எழுதிய கட்டுரையின் பதில் எளிமையானது. எல்லோரும். சண்டையில் மொத்தம் 200 முதல் 240 நாட்கள் இருந்தால் சராசரிக் காலாட்படை வீரன் தாங்க மாட்டான். ஒருவன் உடைவானா என்பதைவிட, அவனை எத்தனை நாள் அங்கே விட்டுவைக்கிறார்கள் என்பதே முக்கியம்.

ஒரு ஹீரோவின் தலையணை

ஆடி மர்பி என்று டெக்ஸாஸ் பையன் ஒருவன். ஏழைக் குடும்பம். உயரம் ஐந்தரை அடி, எடை 50 கிலோ சொச்சம். கடற்படையின் மரீன் பிரிவு "ரொம்பச் சின்னப் பையன்" என்று திருப்பி அனுப்பியது. பாராசூட் படையும் வேண்டாம் என்றது. வயதும் போதவில்லை. அக்கா சான்று எழுதிக் கொடுத்துத்தான் 1942ல் தரைப்படையில் சேர்ந்தான்.

1945 ஜனவரியில் பிரான்சில் ஜெர்மன் டாங்குகள் நெருங்கி வந்தபோது, தன் ஆட்களைப் பின்வாங்கச் சொல்லிவிட்டு, எரிந்துகொண்டிருந்த கவச வண்டியின்மேல் தனியாக ஏறி நின்று, அதிலிருந்த இயந்திரத் துப்பாக்கியால் சுமார் ஒரு மணி நேரம் எதிரிகளைத் தடுத்து நிறுத்தினான். நாட்டின் மிக உயர்ந்த வீர விருது கிடைத்தது. இரண்டாம் உலகப் போரில் அதிக விருது வாங்கிய அமெரிக்க வீரர்களில் ஒருவர். பிறகு ஹாலிவுட்டில் கதாநாயகன்!

எடை மெஷினுக்கு இந்தத் துணிச்சல் தெரியவில்லை. போகட்டும். அதற்குப் பின்னால் நடந்ததும் எந்தப் பரிசோதனைக்கும் தெரியவில்லை. போர் முடிந்து பல வருடங்கள் ஆகியும் மர்பிக்குத் தூக்கம் இல்லை. கெட்ட கனவுகள். தலையணைக்கு அடியில் குண்டு நிரப்பிய துப்பாக்கி. தூக்க மாத்திரைக்கு அடிமையாகி, ஓட்டல் அறையில் தன்னைத் தானே பூட்டிக்கொண்டு அதிலிருந்து மீண்டார். போர் மனசை என்ன செய்கிறது என்று அரசு ஆராய வேண்டும் என வெளிப்படையாகப் பேசினார். 1971ல் விமான விபத்தில் இறந்துபோனார். அவர் அனுபவித்த துன்பத்துக்கு அதிகாரபூர்வமாக ஒரு பெயர் நோய்ப் பட்டியலில் ஏறியது 1980ல்தான்.

பலவீனமானவர் என்று கதவடைக்கப்பட்டவரும், வீராதி வீரரும், மனநோயால் தவித்தவரும் ஒரே ஆள்.

முகமது அலி பாஸா, ஃபெயிலா?

வியட்நாம் போர் சமயத்தில் இந்த ரப்பர் அளவுகோல் ரொம்பவே கொடூரமானது. வசதியான வீட்டுப் பையன்கள் குடும்ப டாக்டரிடம் கடிதம் வாங்கி வந்தார்கள். ஆஸ்துமா, முதுகு வலி, பழைய முட்டிக் காயம்... டாக்டரையே பார்க்காத ஏழைப் பையனுக்கும் அதே நோய் இருந்திருக்கலாம். ஆனால் கையில் காகிதம் இல்லையே!

1964ல் முகமது அலி உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். உடம்பில் குறை சொல்ல யாரால் முடியும்? ஆனால் ராணுவத்தின் எழுத்துத் தேர்வில் தேறவில்லை. பேரவசரம் வந்தால் மட்டும் கூப்பிடலாம் என்று ஒதுக்கிவைத்தார்கள். போருக்கு ஆள் போதாமல் தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைத்தபோது, 1966 பிப்ரவரியில் அவர் ஒரே நாளில் முழுத் தகுதி பெற்றவர் ஆகிவிட்டார். அவரோ மனசாட்சி இடம் தரவில்லை என்று 1967 ஏப்ரலில் மறுத்தார். பட்டம் போனது. மூன்று வருடத்துக்கு மேல் குத்துச்சண்டை மேடை ஏற முடியவில்லை. 1971ல்தான் உச்ச நீதிமன்றம் அவர்மேல் போட்ட தண்டனையை ரத்து செய்தது.

அலிக்காவது வக்கீல்களும் பேரும் இருந்தன. 1966 அக்டோபரில் பாதுகாப்புச் செயலர் மெக்நமாரா 'ஒரு லட்சம் பேர் திட்டம்' என்று ஒன்றை ஆரம்பித்தார். அதுவரை தேர்வில் தோற்றதால் தள்ளப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்ளும் திட்டம். 1971க்குள் 3 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இப்படி உள்ளே வந்தார்கள். பெரும்பாலும் ஏழைகள், கறுப்பினத்தவர்களும் நிறைய. முன்னேற்ற வாய்ப்பு என்று அறிவித்தார்கள். ஆனால் மற்ற வீரர்களைவிட இவர்கள் அதிக விகிதத்தில் செத்தார்கள். நிராகரிப்பு அநியாயம் என்றால், இந்த மாதிரி ஏற்றுக்கொள்வதற்கு என்ன பெயர்?

உண்மை சொன்னால் தண்டனையா?

இப்போது அமெரிக்காவில் கட்டாய சேவை இல்லை. விரும்பிச் சேர்கிறார்கள். பிரச்னை தலைகீழாகிவிட்டது. 17 முதல் 24 வயது வரையிலான அமெரிக்கர்களில் 77 சதவீதம் பேர் சிறப்பு விலக்கு இல்லாமல் ராணுவத்தில் சேர முடியாது என்று 2020ல் நடந்த பாதுகாப்புத் துறை ஆய்வு சொன்னது. அதிக எடை, போதைப் பழக்கம், உடல்நலம், மனநலம் எனக் காரணங்கள் பல.

முன்பு விண்ணப்பிப்பவர் வாய் திறந்தால்தான் பழைய வைத்தியம் பெரும்பாலும் தெரியவரும். 2022ல் மருத்துவப் பதிவுகளை நேரடியாகத் தேடிப் பார்க்கும் கம்ப்யூட்டர் முறை எல்லாப் பரிசோதனை மையங்களுக்கும் வந்தது. பதின்மூன்று வயதில் சாப்பிட்ட மாத்திரை, அப்பா அம்மா பிரிந்தபோது கவுன்சலிங் போனது என எல்லாம் திரையில் வந்து நின்றன. அதே 2022ல் தரைப்படைக்கு இலக்கைவிட 15,000 பேர் குறைந்தார்கள். அதே வருடம்தான் ஆஸ்துமா, ஏடிஎச்டி உட்பட 38 நிலைமைகளுக்கு நிபந்தனையைத் தளர்த்திப் பார்க்கும் சோதனைத் திட்டமும் தொடங்கியது. 1942ன் பொய்ப்பல் ஞாபகம் வருகிறதா?

இங்கேதான் விஷயம் சீரியஸாகிறது. மனச்சோர்வோடு இருக்கும் 16 வயதுப் பையனையோ பெண்ணையோ நினைத்துப் பாருங்கள். ராணுவத்தில் சேருவது அவர்கள் கனவு. டாக்டரிடம் போனால் பதிவாகும். பதிவானால் கனவு போகலாம். போகாவிட்டால் நோய் அப்படியே இருக்கும், ஆனால் காகிதத்தில் அவர்கள் முழு ஆரோக்கியம்! வைத்தியம் செய்து குணமானவருக்குச் சிக்கல், வைத்தியமே செய்யாமல் மறைத்தவருக்கு வழி. இப்படி ஒரு வடிகட்டி யாரை உள்ளே அனுப்பும்?

இத்தனைக்கும் உள்ளே இருப்பவர்களிடம் அதே ராணுவம் "உதவி கேட்பது பலவீனம் அல்ல" என்றுதான் சொல்கிறது. 2018ல் உயிரை மாய்த்துக்கொண்ட ஒரு இளம் கடற்படை வீரரின் பெயரால் 2021 டிசம்பரில் 'பிராண்டன் சட்டம்' வந்தது. எந்தக் காரணமும் சொல்லாமல், ரகசியமாக, பணியில் இருப்பவர் மனநலப் பரிசோதனை கேட்கலாம் என்கிறது அது. நல்ல சட்டம். ஆனால் பதினாறு வயதில் மறைக்கக் கற்றுக்கொண்டவர், சீருடை போட்ட மறுநாள் மனம் திறந்து பேசிவிடுவாரா?

ராணுவம் விதியே வைக்கக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாது. இன்றைக்கு நோய் எந்த அளவில் இருக்கிறது, இந்த வேலைக்கு அது தடையா என்று பார்ப்பது ஒன்று. என்றைக்கோ ஒருநாள் டாக்டரிடம் போனதையே குற்றமாக எழுதி வைப்பது வேறொன்று. முதலாவது மருத்துவம். இரண்டாவது, மறைக்கச் சொல்லிக் கொடுக்கும் பாடம்.

"லாயக்கில்லை" என்ற சொல்லைக் கேட்டுத் தலை குனிந்து வீட்டுக்கு நடந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்திருக்கிறார்கள். அவர்களிடம் யாராவது ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லியிருக்கலாம். "இந்த வேலைக்கு, இந்த வருடத்து விதிப்படி" என்று. அவ்வளவுதான் அந்த முத்திரையின் அர்த்தம்.