கூடுதலாய் வந்த ஒரு வினாடி

ஹதீஸ் கலையில் 'இல்லத்' என்றொரு சொல் வழங்குகிறது. நோய் என்பது அதன் நேர்ப்பொருள். அறிவிப்பாளர் வரிசை அறுபடாமல் இருக்கும். ஒவ்வொருவரும் நம்பத் தகுந்தவராகவே இருப்பார். மேலோட்டமாக நோக்குவோர்க்குக் குறையொன்றும் தென்படாது. ஆயினும் உள்ளே ஒரு பழுது மறைந்து கிடக்கும். இமாம் தாரகுத்னீ (ரஹ்) போன்ற பெருமக்கள் இத்தகைய பழுதுகளை ஆராய்வதற்கென்றே பெருநூல்கள் இயற்றினர். அன்னார் கையாண்ட வழி இதுதான்: ஒரு செய்தி எத்தனை வழிகளில் வந்துள்ளதோ அத்தனையையும் திரட்டி, ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து, எந்த இடத்தில் பிறழ்கிறது என்று காண்பது. இன்னாரிடம் குறை என்று சொல்வதெல்லாம் அதற்குப் பின்னர்தான்.

சர்வர் என்னும் பணிக்கணினிகளைப் பேணுவோர்க்கும் இக்கலை வேண்டியிருக்கிறது. நேற்றுவரை அமைதியாக ஓடிய பொறி இன்று திடீரெனத் திணறும். செயலி முழுமூச்சாக உழைக்கும், விசிறி அலறும், ஆனால் வேலை ஒன்றும் நடந்திராது. பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் காலையில் இப்படி நேர்ந்தால் காரணம் தேட வேண்டியதில்லை. கூட்டம் கண்ணுக்குத் தெரிகிறது. கூட்டமே இல்லாத வேளையில் பொறி மூச்சு வாங்கினால்தான் சிக்கல். அப்போது மனித மனம் முதலில் தேடுவது காரணத்தையன்று, ஆளை.

2012ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஒரு நிக்காஹ்வுக்காகக் கடலூரிலிருந்து சிதம்பரம் சென்றிருந்தோம். நம்மிடம் முன்னர் ஓதிய மாணவர் ஒருவர் அங்கே சிறிய கணினி நிலையம் வைத்திருந்தார். சில கடைகளின் கணக்குகளும், நாம் கணித்துக் கொடுத்த தொழுகை நேர அட்டவணையும் அவருடைய சர்வரில் இருந்தன. பார்த்துவிட்டுப் போகலாமென்று நுழைந்தால், மனிதர் முகம் கறுத்து அமர்ந்திருந்தார். காலையிலிருந்து பொறி கொதிக்கிறதாம். முந்தின நாள் மாலை, பரங்கிப்பேட்டையிலிருந்து வேலைக்கு வரும் இளைஞனோடு சம்பளம் குறித்து வாக்குவாதம் நடந்திருக்கிறது. கடவுச்சொற்களெல்லாம் அவனுக்குத் தெரியும். "அவன் கைவேலைதான் ஹஜ்ரத்! இனி வர வேண்டாமென்று சொல்லிவிட்டேன்" என்றார்.

"தம்பி, எத்தனை மணிக்குத் தொடங்கிற்று?" என்று கேட்டோம். அதை அவர் பார்த்திருக்கவில்லை. பொறி தன் நடப்புகளைத் தானே எழுதி வைக்கும் பதிவேட்டைத் திறந்தார். காலை 5.30 வரை ஒரு குறையுமில்லை. அந்த நொடியிலிருந்து ஏற்றம். வெளியிலிருந்து எவரும் நுழைந்த சுவடில்லை. அதற்கு நேர் மேலே ஒரு வரி: உலகப் பொதுநேரம் 23:59:60-இல் கூடுதல் வினாடி சேர்க்கப்படுகிறது என்று. அவர் அதை அச்சுப்பிழை போலக் கடந்து போனார். நாம் அங்கேயே நின்றோம். வினாடி ஐம்பத்தொன்பதோடு முடிய வேண்டும். அறுபது எங்கிருந்து வந்தது? அட்டவணை கணிப்போர்க்கு அது புதிரன்று. பூமியின் சுழற்சி சீரானதன்று. அணுக்கடிகாரம் ஓடும் ஓட்டத்துக்கு அது சற்றுப் பின்தங்கும்போது, இரண்டையும் இணக்க ஒரு வினாடியைக் கூட்டுவது 1972 முதல் வழக்கம். அவ்வாண்டு ஜூன் 30 நள்ளிரவில், அதாவது நம் நாட்டில் மறுநாள் காலை 5.30க்கு, அது கூட்டப்பட்டது. கடலூர்க் கரையில் சூரியன் எழ இன்னும் இருபது நிமிடம் இருந்த வேளை.

வினாடிக்கும் கொதிப்புக்கும் என்ன தொடர்பென்று நமக்கு அப்போது விளங்கவில்லை. ஆனால் பரங்கிப்பேட்டை இளைஞனுக்கும் பூமியின் சுழற்சிக்கும் தொடர்பில்லை என்பது மட்டும் விளங்கிற்று. பிற ஊர்ப் பொறிகள் எப்படி இருக்கின்றன என்று விசாரிக்கச் சொன்னோம். அரை மணி நேரத்தில் மாணவர் வாயடைத்துப் போனார். அமெரிக்காவில் ரெட்டிட், மொசில்லா, லிங்க்ட்இன் ஆகியவற்றின் சர்வர்களும் அதே நொடியில் திணறியிருந்தன. ஆஸ்திரேலியாவில் குவாண்டாஸ் விமானங்கள் தாமதமாயின. ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனம், தன் பொறிகள் இழுத்த மின்சாரம் அன்றிரவு ஏறத்தாழ ஒரு மெகாவாட் உயர்ந்ததாக அறிவித்தது.

பழுது லினக்ஸ் இயக்கமுறையின் உள்ளே, கெர்னலில் இருந்தது. வினாடி சேர்ந்தபோது பொதுக் கடிகாரம் ஒரு வினாடி பின்னுக்கு வைக்கப்பட்டது. ஆனால் நிரல்களை உறங்க வைத்து எழுப்பும் உட்பகுதிக்கு அச்செய்தி சொல்லப்படவில்லை. அது ஒரு வினாடி முந்தியே ஓடிற்று. 'அரை வினாடி உறங்குகிறேன், பிறகு எழுப்பு' என்று ஒரு நிரல் கேட்டால், 'அந்நேரம் கடந்துவிட்டதே' என்று உடனே எழுப்பிவிடும். எழுந்தது மீண்டும் உறங்கக் கேட்கும், மீண்டும் எழுப்பப்படும். ஜாவா, மைசீக்வெல் போன்றவை இவ்வாறு ஓயாது எழுந்தெழுந்தே செயலியைத் தின்றன. மருந்தோ வேடிக்கையானது: கடிகாரம் காட்டும் நேரத்தையே அதற்கு மறுபடி ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் போதும்; உட்பகுதிக்கும் செய்தி எட்டிவிடும். மாணவர் ஒரே ஒரு கட்டளையைத் தட்டினார். விசிறியின் இரைச்சல் அடங்கிற்று.

அன்று அஸருக்குப் பின் அவர் தாமே பரங்கிப்பேட்டைக்குப் புறப்பட்டார். போன் போட்டுச் சொன்னால் போதாதா என்று கேட்டவர்களுக்கு நாம் இடம் கொடுக்கவில்லை. அவதூறு வாசலில் நின்று சொல்லப்பட்டிருந்தால், மன்னிப்பும் வாசலுக்குத்தான் போக வேண்டும். இளைஞன் திரும்பி வந்தான். சம்பளமும் சற்று உயர்ந்தது என்று கேள்வி.

1972 முதல் இதுவரை 27 வினாடிகள் இவ்வாறு கூட்டப்பட்டுள்ளன. கடைசியாகக் கூட்டியது 2016 டிசம்பர் இறுதியில். கூகுள் நிறுவனம் ஒரு வினாடியை ஒரே அடியாகத் திணிக்காமல், பல மணி நேரத்தில் துளித்துளியாகக் கரைத்துவிடும் முறையை முன்னரே கைக்கொண்டிருந்தது. 2022இல் எடை, அளவைகளுக்கான பொது மாநாடு கூடி, 2035க்குள் இவ்வழக்கத்தை நிறுத்திவிடத் தீர்மானித்தது. பொறிகளின் வசதிக்காகச் சூரியனோடு உள்ள உறவைத் தளர்த்துவது நமக்கு உவப்பானதன்று. 14ஆம் நூற்றாண்டில் டமாஸ்கஸ் உமையா பள்ளிவாசலில் நேரங்கணிக்கும் முவக்கித்தாக இருந்த இப்னு ஷாத்திர் இதைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பாரோ!

எனினும் கணக்கென்று பார்த்தால், ஒரு நூற்றாண்டில் சேரும் வேறுபாடு ஒரு நிமிடத்தை ஒட்டியே இருக்குமென மதிப்பிடுகின்றனர். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையிலேயே சூரியன் உச்சி சாய்வதில் ஏறத்தாழ இருபது வினாடி வேறுபாடு உண்டு. இரண்டு ஊருக்கும் ஒரே அட்டவணையைத் தருகையில் பேணுதலுக்காக இரண்டு நிமிடம் கூட்டியே எழுதி வருகிறோம். 2035க்குப் பிறகும் அதைக் குறைக்கும் எண்ணம் நமக்கில்லை.