தாமதம் எங்கே?

பட்டம் பெற்றோம். அது பெரிதல்ல, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோர் பெறுவதுதான். பெறும் வழியிலே நமக்கு விழுந்த அடி ஒன்று உண்டு. அதைச் சொல்லவே பேனாவை எடுத்தோம்.

எம்.டி. என்பது மூன்றாண்டுப் படிப்பு. படிப்பு என்பது பெயருக்கு! பகலெல்லாம் வார்டு, இரவெல்லாம் வார்டு, இடையிலே கிடைக்கும் நேரத்தில் சோறோ தூக்கமோ, இரண்டில் ஒன்று. அந்த இடுக்கிலேதான் ஆய்வேடு ஒன்றும் எழுதியாக வேண்டும். முதலாண்டிலேயே தலைப்புச் சொல்லி, அறநெறிக் குழுவின் ஒப்புதல் பெற்று, நோயாளரைக் கண்டு கணக்கெடுத்து, தேர்வுக்கு ஆறு திங்களுக்கு முன்பே அளித்துவிட வேண்டும். எனவே 'தீசிஸ்' என்றாலே முகஞ்சுளிப்போர் மிகப்பலர். பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு செய்வோர் உண்டு. கூலிக்கு எழுதித் தருவோரும் உண்டு. "எளிய தலைப்பாக எடு, தம்பி, எவன் படிக்கப் போகிறான்?" என்பதே மூத்தவர்கள் நமக்கு அருளிய உபதேசம்.

நாம் எடுத்தது பாம்புக்கடி. 2005ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் ஏறத்தாழ 46,000 பேர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று 2011இல் வெளிவந்த ஆய்வு கணித்தது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் எனும் நான்கின் நஞ்சையும் முறிக்கும் மருந்து நம்மிடம் இருக்கிறது. மருந்து இருந்தும் மாள்கிறார்களே, ஏன்? தாமதமாக வருகிறார்கள். தாமதத்துக்குக் காரணம்? மந்திரவாதி! வேப்பிலை! மூடநம்பிக்கை! மேடையிலே பலமுறை முழங்கியதல்லவா? குற்றவாளியை முன்னதாகவே கூண்டில் ஏற்றிவிட்டு, பிறகு சாட்சி தேடப் புறப்பட்டோம்.

"பாம்புக்கடி நோயாளர்க்கு மந்திர வைத்தியத்தால் நேரும் தாமதம்" என்று தலைப்பெழுதி வழிகாட்டிப் பேராசிரியரிடம் நீட்டினோம். நெற்றி நிறையத் திருநீறு பூசும் மனிதர் அவர். சிவப்பு மையால் 'மந்திர வைத்தியத்தால்' என்ற சொற்களை அடித்தார். "விடையைத் தலைப்பிலேயே எழுதிவிட்டால், நோயாளியை எதற்கப்பா கேட்கிறாய்?" என்றார். திருநீறு மந்திரவாதிக்குப் பரிந்து பேசுகிறது என்றே அன்று நினைத்தோம்! அறநெறிக் குழுவோ வேறொரு கேள்வி கேட்டது: இமை தூக்க முடியாமல் கிடப்பவனிடம் இசைவு பெறுவது எப்படி? முதலில் மருந்து, பிறகு உறவினர், தேறியபின் நோயாளி என்று முறை வகுத்தபின்தான் ஒப்பமிட்டார்கள். இந்தக் கேள்வி நமக்குத் தோன்றவே இல்லை என்பதைச் சொல்ல நாணுகிறோம்.

பாம்புக்கடிக்கு ஓர் எளிய சோதனை உண்டு. 2 மில்லி இரத்தத்தை உலர்ந்த கண்ணாடிக் குழாயில் இட்டு, அசைக்காமல் 20 நிமிடம் நிறுத்தி வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால், விரியனின் நஞ்சு இரத்தத்தில் இறங்கிவிட்டது என்று பொருள். நமது ஆய்வு நடந்ததெல்லாம் பெரும்பாலும் அந்த இருபது நிமிடங்களில்தான். உடன் வந்தோரைக் கேட்போம். "எந்த மந்திரவாதியிடம் போனீர்கள்?" என்று தொடக்கத்தில் கேட்டோம். சிலர் தலை கவிழ்ந்தனர். சிலர் நமக்குப் பிடித்த பதிலைச் சொல்லினர். பேராசிரியர் பின்னால் நின்று கேட்டிருக்கிறார். "நீ டாக்டரா, போலீசா?" என்றார். அதன்பிறகு, "கடித்ததிலிருந்து இங்கு வரும்வரை நடந்ததை வரிசையாகச் சொல்லுங்கள்" என்று மட்டும் கேட்கலானோம்.

மகனைக் கொண்டுவந்த மூதாட்டி ஒருவர் சொன்னார். வயலுக்கு நீர் பாய்ச்சும்போது, பொழுது சாயும் நேரத்தில் கடித்தது. சாலைக்குத் தூக்கி வந்தார்கள். அருகிலிருந்த மருத்துவமனையில் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்து அடுத்த ஊருக்கு அனுப்பினார்கள். அங்கே பாட்டில் ஏற்றி, இன்னொரு சீட்டு எழுதி இங்கே அனுப்பினார்கள். மருந்து ஏறும்போது நள்ளிரவு. நமக்கோ பழைய ஆசை விடவில்லை. "மந்திரிக்கவில்லையா, பாட்டி?" என்றோம்.

"மந்திரிச்சோம் ஐயா. வண்டிக்குக் காத்திருந்த நேரத்துல மந்திரிச்சோம். சும்மா நிக்கவா முடியும்?"

தாள்கள் சேரச் சேர, அந்த ஒரு பதிலே பலர் வாயிலும் வந்தது. மந்திரவாதிகளால் வீணான மணிநேரங்களும் உண்டு; ஒரு சிறுமியை அவ்வாறு இழந்ததை நாம் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதுமில்லை. ஆனால் கூட்டிப் பார்த்தபோது, தாமதத்தின் பெரும்பங்கு வேப்பிலை அடித்த இடத்தில் இல்லை. மருத்துவமனைக்கும் மருத்துவமனைக்கும் இடையிலே கிடந்தது. ஒவ்வாமைக்கு அஞ்சி மருந்தைத் தொடாமல் சீட்டெழுதிய கை, நம்மைப்போலவே படித்துப் பட்டம் பெற்ற கை! இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அந்த மருந்துக்கு மூலமான நஞ்சைச் சேகரிப்பவர்கள், 1978 முதல் கூட்டுறவுச் சங்கம் அமைத்திருக்கும் வடநெம்மேலி இருளர்கள். பாமரர் என்று நாம் ஒதுக்கும் மக்களின் கை!

இரண்டாம் ஆண்டின் முடிவில், ஓர் இரவு, தாள்களைப் பரப்பி வைத்துப் பென்சிலுடன் அமர்ந்தோம். நான்கைந்து தாள்களில் நேரத்தை மாற்றினால் போதும், மேடையில் பேசியது மெய்யாகிவிடும். கேட்பாரில்லை, காண்பாரில்லை. நெடுநேரம் அமர்ந்திருந்தோம், தோழர்களே, மறைக்கவில்லை.

அப்போது நினைவுக்கு வந்தது சென்னை சேத்துப்பட்டு. 1956இல் அங்கே காசநோய் மருந்தாய்வு மையம் எழுந்தபோது, காசநோயாளிக்குச் சானடோரியமே கதி, நெருக்கமான ஏழை வீட்டில் வைத்து வைத்தியம் செய்தால் அவனும் பிழையான், பிள்ளைகளுக்கும் பரப்புவான் என்பது உலகறிந்த கொள்கை. அவர்கள் வாதாடிக் கொண்டிருக்கவில்லை. குலுக்கல் முறையில் ஒரு பாதியினரை வீட்டிலும் மறுபாதியினரைச் சானடோரியத்திலும் வைத்து, ஓராண்டு ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்தோர் உண்டது குறைவு, உழைத்தது மிகுதி. எனினும் 1959இல் முடிவு வந்தபோது, வீட்டு வைத்தியம் ஏறக்குறைய அதே அளவுக்குப் பயன் தந்திருந்தது. வீட்டாருக்குக் கூடுதல் தீங்கும் இல்லை. அந்த மருத்துவர்களும் தாங்கள் படித்ததைக் காப்பாற்றப் பென்சிலைத் தூக்கியிருந்தால், எத்தனை ஏழைகள் சானடோரியப் படுக்கைக்காகக் காத்திருந்தே செத்திருப்பார்கள்!

தாள்களை அடுக்கிக் கட்டினோம். உள்ளதை உள்ளபடியே எழுதினோம்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்த் தேர்வாளர் கேட்டார்: "இதனால் என்ன மாறியது?" ஒன்றுமில்லை என்றோம். உண்மையும் அதுதான். ஏடு நூலகத்தில் உறங்குகிறது. 2024இல் தமிழகத்தில் பாம்புக்கடி அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோயானது. நமது ஏட்டுக்கும் அதற்கும் தொடர்பேதுமில்லை. பேராசிரியர் மட்டும் வார்டு கேஸ் ஷீட்டில் ஒரு வரி சேர்த்திருந்தார்: கடித்த நேரம், முதலில் சென்ற இடம், அடுத்த இடம், மருந்து ஏறிய நேரம்.

அண்மையில் அந்த வார்டுக்குப் போயிருந்தோம். முதலாண்டு மாணவி ஒருத்தி, கண்ணாடிக் குழாயை அருகில் நிறுத்தி வைத்துவிட்டு, ஒரு கிழவரிடம் அந்த வரியைக் கேட்டு நிரப்பிக் கொண்டிருந்தாள். பழைய பழக்கத்தில் குழாயைக் கையில் எடுக்கப் போனோம்.

"தொடாதீங்க சார், இன்னும் ஏழு நிமிஷம் இருக்கு" என்றாள்.