கணக்கு நோட்டும் ஒரு கேசட்டும்

செஞ்சிப் பக்கத்தில் சாவுக்கென்று இரண்டு பாட்டு உண்டு. பிணத்தைச் சுற்றிப் பெண்கள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு பாடும் ஒப்பாரி ஒன்று. கருமாதி இரவில் விடிய விடிய நடக்கும் ‘கர்ண மோட்சம்’ தெருக்கூத்து இன்னொன்று. மனைவி பொன்னுருவியிடம் கர்ணன் விடைபெறும் இடத்தில், முந்தானையை வாயில் வைத்து அழாத பெண் எங்கள் அனந்தபுரத்தில் இல்லை. ஆண்களுக்கு என்று ஒரு பாட்டும் கிடையாது. எங்களுக்குக் கொடுத்ததெல்லாம் வேலைதான்.

அப்பா போனபோது எனக்கு 30 வயது. அம்மாவும் அத்தையும் கூடத்தில் கட்டிக்கொண்டு அழ, நான் திண்ணையில் உட்கார்ந்து கணக்கு எழுதினேன். பந்தல், மாலை, பம்பைக்காரர்கள், குழி வெட்டியவர், கூத்து ஜமாவுக்கு முன்பணம். 40 பக்க நோட்டில் 3 பக்கம் நிரம்பியது. ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. “ஆம்பிளப் புள்ள, தைரியமா நிக்கிறான் பாரு” என்று மெச்சினார்கள். அந்தப் பாராட்டை நம்பியதுதான் நான் செய்த பெரிய தவறு.

இரண்டு மாதம் கழித்து விழுப்புரத்தில் ஒரு கேசட் வாங்கினேன். இளையராஜா பெயரைப் பார்த்து, சினிமாப் பாட்டு என்று நினைத்துத்தான் வாங்கினேன். ‘ஹவ் டு நேம் இட்?’ 1986இல் வந்தது. படமில்லை, கதாநாயகன் இல்லை, பாடல் வரி ஒன்றுகூட இல்லை. ராத்திரி டூ இன் ஒன்னில் போட்டேன். வி.எஸ். நரசிம்மனின் வயலின் எழுந்தது. அது கீர்த்தனையா, மேல்நாட்டுச் சங்கீதமா என்று பிரிக்க எனக்குத் தெரியாது. பண்ணைப்புரத்தில் பிறந்து, அண்ணன் பாவலர் வரதராசனோடு மேடை மேடையாகப் போய் வாசித்து வளர்ந்தவரின் இசை அது. என் காதுக்கு அதில் அத்தையின் ஒப்பாரி கேட்டது, வார்த்தைதான் இல்லை. வார்த்தை இருந்திருந்தால் வெட்கப்பட்டு நிறுத்தியிருப்பேன். நோட்டை எடுத்துப் பார்த்தேன். ‘ஜமா பாக்கி’ என்ற வரியில் கண் நின்றது. அப்பா உயிரோடு இருந்தபோது கூத்துக்காரர்களுக்குப் பாக்கி வைத்ததே இல்லை. அன்றைக்குத்தான் அழுதேன்.

அந்த இசை பிறகு பாலுமகேந்திராவின் ‘வீடு’ படத்துக்குப் பின்னணியாகவும் போனது. கட்டி முடியாத வீட்டின் சுவரைத் தடவிப் பார்க்கும் அந்தத் தாத்தாவை, சொக்கலிங்க பாகவதரை, பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

கேசட்டில் ஒரு பகுதியை மட்டும் நான் எப்போதும் ஓட்டிவிடுவேன். ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’. மேல்நாட்டுச் சங்கீத மேதை பாக் வயலினுக்கு எழுதிய ஒரு துள்ளலான உருப்படி அதன் அடிப்படை. துக்கத்தில் இருப்பவனுக்கு இந்தச் சந்தோஷம் எதற்கு என்று எரிச்சல் வரும்.

டேப்பில் பூஞ்சை பிடித்து, ஒருநாள் சிக்கிக்கொண்டு அறுந்தது. குறுந்தகடாக வந்தபோது வாங்கவில்லை.

3 வருடத்துக்கு முன் என் மனைவி போனாள். 65 வயதில் மறுபடியும் திண்ணை, மறுபடியும் கணக்கு. “அப்பா, ஒரு வார்த்தையாவது பேசுங்கப்பா” என்று மகள் கெஞ்சினாள். எனக்கு வந்த ஒரே வார்த்தை அந்தக் கேசட்டின் பெயர். செல்போனில் தேடிப் போட்டாள். அதே வயலின், பழைய இரைச்சல் இல்லாமல். ஓட்டிவிடப் பொத்தான் எங்கே என்று தெரியாததால் அந்தத் துள்ளல் பகுதியையும் கேட்டேன்.

அப்போதுதான் அதன் பெயர் உறைத்தது: ‘பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்’. அந்த ஆல்பமே தியாகராஜருக்கும் பாக்குக்கும் காணிக்கை. பாக் இறந்தது 1750இல். தியாகராஜர் பிறந்தது 1767இல். இருவரும் சந்திக்க வழியே இல்லை. இறந்துபோன பாக்கை இளையராஜா தன் வீட்டுக்குள் கூப்பிட்டிருக்கிறார். அடுத்த உருப்படியின் பெயர், ‘நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்’ என்று பொருள்படும். போனவர் வீட்டுக்கு வந்தால் சந்தோஷம் இல்லாமல் வேறென்ன இருக்கும்? இப்போது காலையில் காபி போடும்போது அதைத்தான் போடுகிறேன். சர்க்கரை கூடிவிட்டது என்று போனவளிடம் வாய்விட்டுச் சொல்கிறேன். மகள் முதலில் பயந்தாள், பிறகு பழகிவிட்டாள்.

போன மாதம் எதிர்வீட்டுப் பையனின் அப்பா தவறிவிட்டார். கருமாதி முடிந்த மறுநாள் சாயங்காலம் பையன் என் திண்ணைக்கு வந்தான். கையில் ஒரு நோட்டு. “பந்தக்காரர் 2 நாளுக்குப் போட்டிருக்காரு மாமா, ஒரு நாள்தானே வரும்?” என்றான். தைரியமா இருப்பா என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. போனைத் திண்ணையில் வைத்து அந்த வயலினைப் போட்டேன். கொஞ்ச நேரம் பேனாவால் கூட்டிக்கொண்டுதான் இருந்தான். பிறகு பேனா நின்றது. தெருவிளக்கு எரிந்தது. நான் அவன் பக்கம் திரும்பவில்லை. அவனுக்குச் சங்கடமாக இருக்கும்.