காய்ப்பு ஏறிய கை

சுண்ணாம்பாற்றில் நாம் ஜாலியாகப் போட்டில் போவோம். சென்னை அடையாற்றிலோ மெட்ராஸ் போட் கிளப் 1867-லேயே தொடங்கிவிட்டது. துடுப்புப் படகுப் போட்டியில் போகும் திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரணும். 18 வயது நிறையும் ஆண்டோடு ஜூனியர் பிரிவு முடிஞ்சிடும். அப்புறம் பலர் படிப்பு, வேலைன்னு துடுப்பைக் கீழே வைச்சிடுவாங்க.

சென்னையில் இருக்கும் என் பெரியம்மா மகள் வைக்கவில்லை. இப்போது சின்னப் பசங்களுக்குக் கோச். கை கொப்பளிச்சு அழுத பையனிடம் தன் உள்ளங்கைக் காய்ப்பைக் காட்டி, "எனக்கும் இப்படித்தான்டா ஆச்சு" என்றாராம். அவன் மறுபடி துடுப்பைப் பிடித்தானாம். தானும் வலி பட்டவர் சொன்னால்தானே நம்பிக்கை வரும்?

பிளஸ் டூ அண்ணன்களே, அக்காக்களே! பள்ளியை விட்டுப் போனாலும் சனிக்கிழமை ஒரு மணி நேரம் நம் மைதானத்துக்கு வாங்க. கபடி கத்துக்க நாங்க காத்திருக்கோம்!